அந்த சோலோ யாருடையது?

மலாய்க்காரர்கள் ரப்பரை ‘கெத்தா’ என்பார்கள். நம் பாட்டன் பாட்டிமார் வாயில் அது ‘கித்தா’ ஆனது. கிட்டாரையும் நம்மில் பலர் ‘கித்தார்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஓர் எழுத்துதான் வித்தியாசம். விடியற்காலையில் பால் மரம் சீவிய கை, பொழுது சாய்ந்ததும் லயத்து வாசற்படியில் உட்கார்ந்து கித்தார் மீட்டிய வீடுகள் பேரா மாநிலத் தோட்டங்களில் எத்தனையோ இருந்தன. சுங்காய், துரோலாக், சிலிம் ரிவர், பீடோர் என்று பழைய பெரிய சாலையோரம் வளர்ந்த யாரைக் கேட்டாலும், “எங்க லயத்துல ஒருத்தர் வாசிப்பார் பாருங்க...” என்று ஒரு கதை வைத்திருப்பார்.

இன்று கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் காலியாகி, பிள்ளைகள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். கித்தார் மட்டும் கூடவே வந்திருக்கிறது. சில நூறு ரிங்கிட்டில் நல்ல வாத்தியமே கிடைக்கிறது. பாடம் சொல்லிக் கொடுக்கக் கைப்பேசி இருக்கிறது. அன்று தோட்டத்து அண்ணன் ஒருவரின் விரலைப் பார்த்துப் பார்த்து ஒரு வருடத்தில் கற்றதை, இன்றைய பையன் ஒரே மாதத்தில் கற்றுவிடுகிறான்.

ஆனால் வானொலியில் வேலை செய்யும் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. உள்ளூர் இளைஞர்கள் சொந்தமாகப் பாட்டு எழுதி, இசையமைத்து, பதிவு செய்து எங்களுக்கு அனுப்புகிறார்கள். குரல் புதிதாக இருக்கிறது. வரிகளில் நம் ஊர் வாசம் வீசுகிறது. பாட்டின் நடுவே கித்தார் சோலோ வரும். அந்த இடத்தில் மட்டும் எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகிவிடுகிறது! ஒரு கம்பியை மேலே தள்ளி ஓர் அழுகை, பிறகு விறுவிறுவென்று ஏறும் ஓர் ஓட்டம், உச்சியில் ஒரு நடுக்கம், முடிந்தது. பத்துப் பாட்டின் சோலோக்களை இடம் மாற்றி ஒட்டினால்கூட யாருக்கும் தெரியாது.

எங்கள் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. பாட்டில் குரல் இல்லாத இடம் அறிவிப்பாளருக்குச் சர்க்கரைப் பொங்கல். நேரம் சொல்லலாம், போக்குவரத்து நெரிசல் சொல்லலாம், அடுத்து வரும் பாட்டுக்கு விளம்பரம் செய்யலாம். நல்ல சோலோ என்றால் அறிவிப்பாளரின் வாய் தானாக மூடிக்கொள்ளும். இன்று வரும் பல சோலோக்களின்மேல் நாங்கள் தாராளமாகப் பேசலாம் என்பதுதான் கவலைக்குரிய விஷயம்.

நம் மலேசியத் தமிழ்ப் பாடல்களின் மீது எப்போதும் வைக்கப்படும் குற்றச்சாட்டு, ‘தமிழ்நாட்டுப் பாட்டைப் பார்த்துச் செய்தது’ என்பது. வரிகளில் அதை உடைத்திருக்கிறோம், தாளத்திலும் ஓரளவு உடைத்திருக்கிறோம். கித்தாரில் இன்னும் உடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு பெட்டிக்குள் ஐந்து வீடு

கித்தார் பழகும் எவரும் சோலோ என்று முதலில் கற்பது மைனர் பென்டாடோனிக் என்ற ஐந்து சுர ஸ்கேல். கித்தாரின் கழுத்தில் ஐந்தாம் ஃபிரெட்டிலிருந்து எட்டாம் ஃபிரெட் வரை ஒரு கட்டம். அதற்குள் விரல் வைத்தால் தவறான சுரமே வராது. இதை ‘பாக்ஸ்’ என்பார்கள். ஏ என்ற சுரத்தை ஆதாரமாக வைத்தால் ஏ, சி, டி, ஈ, ஜி. ஐந்தே ஐந்து. ராக் இசையின் பாதி சாம்ராஜ்யம் இந்தப் பெட்டிக்குள்தான் கட்டப்பட்டது. 1989இல் ‘சர்ச்’ குழுவின் ‘இசபெல்லா’ நாட்டையே கலக்கிய காலத்தில், இன மத வேறுபாடு இல்லாமல் மலேசியப் பையன்கள் எல்லாரும் தேய்த்ததும் இதே பெட்டியைத்தான்.

இந்த ஐந்து சுரத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: ச க ம ப நி, சுத்த தன்யாசி. இதைச் சொன்னதும் பல கித்தார் பிள்ளைகள் கண்ணை விரிப்பார்கள். அவர்கள் விரல் தினமும் புழங்கும் இடத்துக்கு அவர்கள் பாட்டி காலத்துப் பெயர் ஒன்று இருக்கிறதே!

இதற்கு மேல்தான் வேடிக்கை. கைப்பேசியில் தம்புரா செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். ஏ சுருதியை ஒலிக்கவிட்டு அந்த ஐந்து சுரத்தையும் வாசியுங்கள். சுத்த தன்யாசி. இப்போது விரலை எங்கும் நகர்த்தாமல், சுருதியை மட்டும் சி என்று மாற்றுங்கள். அதே ஐந்து சுரம் மோகனமாகிவிடும்! முகம் வாடி இருந்த பிள்ளை சட்டென்று சிரித்தது போல இருக்கும். சுருதியை டி ஆக்கினால் மத்தியமாவதி, கச்சேரி முடிவில் மங்களகரமாகப் பாடுவார்களே அது. ஈ ஆக்கினால் இந்தோளம். ஜி ஆக்கினால் சுத்த சாவேரி. ஒரே பெட்டி, ஐந்து வீடு. கர்நாடக இசையில் இதைக் கிரக பேதம் என்பார்கள். வித்வான்கள் கச்சேரியில் சில நிமிடங்கள் இதைச் செய்துகாட்டிக் கைதட்டல் வாங்குவார்கள்.

சோலோ வாசிப்பவருக்கு இதில் என்ன பயன்? பெரிய பயன் இருக்கிறது. பெரும்பாலோர் வாசிப்பது ஒன்றுபோல் ஆவதற்கு முக்கியக் காரணம் அவர்கள் எல்லாரும் ஒரே சுரத்தில் வந்து உட்காருவதுதான். பெட்டியின் முதல் சுரமான ஏயில் போய் விழுந்தால்தான் முடிந்தது என்று விரல் பழகிவிட்டது. எந்தச் சுரத்தில் இளைப்பாறுகிறோம் என்பதை மாற்றினாலே, ஒரு புதுச் சுரமும் சேர்க்காமல், சோலோவின் குணம் மாறிவிடும். வீட்டுச் சாமான் அதேதான், வாசற்படி மட்டும் வேறு திசையில்.

சீனப் பெருநாள் சமயத்தில் சுங்காய் கடைத்தெருவில் ஒலிக்கும் பாடல்களைக் கேட்டிருப்பீர்கள். நம் காதுக்கு மோகனம் போலவே இருக்கும். அதுவும் ஐந்து சுரம்தான். ஆனால் யாரும் அதை மோகனம் என்று தவறிப்போய் நினைப்பதில்லை. சுரங்கள் அதேதான், சுரத்திலிருந்து சுரத்துக்குப் போகும் வழி வேறு.

ராகம் என்பது ஏணி அல்ல

இங்கேதான் நம் பிள்ளைகள் இரண்டாவது முறை மாட்டிக்கொள்கிறார்கள். ‘ராகம் என்றால் ஸ்கேல்’ என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். உடனே கல்யாணி என்றால் லிடியன், கரகரப்பிரியா என்றால் டோரியன், நடபைரவி என்றால் நேச்சுரல் மைனர், தோடி என்றால் ஃப்ரிஜியன் என்று ஓர் அட்டவணை மனப்பாடமாகிறது. அட்டவணை தவறில்லை. மைனர் பென்டாடோனிக் பெட்டியில் இரண்டு சுரம் சேர்த்தால் இந்த மூன்று மைனர் ராகங்களும் கிடைத்துவிடும். ரி, த இரண்டையும் உயர்த்திச் சேர்த்தால் கரகரப்பிரியா. தவை மட்டும் தாழ்த்தினால் நடபைரவி. இரண்டையும் தாழ்த்தினால் தோடி. கித்தாரில் இது ஒரு மாலைப்பொழுது வேலை.

ஆனால் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஓடினால் ஏணியில் ஏறி இறங்கும் சத்தம்தான் வரும். பிலகரி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது ஐந்து சுரம், மோகனத்தைப் போல. இறங்கும்போது ஏழு சுரம், சங்கராபரணத்தைப் போல. ஏறும் வழியும் இறங்கும் வழியும் வேறு வேறு. இந்த ஒரு யோசனையை மட்டும் எடுத்து ஒரு பாப் பாட்டின் சோலோவில் போட்டுப் பாருங்கள். ஏறும்போது ஒரு ஸ்கேல், இறங்கும்போது இன்னொன்று. கேட்பவருக்குப் பிலகரி என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ‘என்னமோ புதுசா இருக்கே’ என்று மட்டும் தோன்றும்.

இன்னொன்று கமகம். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டவை. ஒரே மெட்டில் விரலை வைத்துக் கம்பியை இழுத்தே அடுத்தடுத்த சுரங்களை எடுப்பார்கள். கித்தாரில் நாம் ‘பென்டிங்’ என்று பெருமையாகச் செய்வது அதேதான். ஆனால் பெரும்பாலோர் பென்டிங் செய்வது இலக்குச் சுரத்தைத் தொட. வீணைக்காரர் இழுப்பது, இரண்டு சுரங்களுக்கு நடுவில் இருக்கும் பாதையைக் காட்ட. அந்தப் பாதையில் மெதுவாக நடக்கலாம், நின்று திரும்பலாம், தொட்டும் தொடாமலும் விட்டுவிடலாம்.

இதைத் தேடி இங்கிலாந்திலிருந்து ஒருவர் புறப்பட்டார் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. ஜான் மெக்லாக்லின், ஜாஸ் ராக்கில் உச்சத்தில் இருந்த கித்தார் கலைஞர், எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். பிறகு வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபேலா ஜாகிர் உசேன் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவை அமைத்தார். கம்பியை வீணை போல இழுக்க வசதியாக, ஃபிரெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குழிவாகக் குடைந்த ஒரு கித்தாரை அதற்கென்றே செய்து வாங்கினார். அந்தக் குழு பல மாற்றங்களுக்குப் பிறகு 2024இல் கிராமி விருது வாங்கியபோது நம் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அதில் கித்தாருக்கும் வீணைக்கும் இருந்த இந்த உறவை யாரும் அதிகம் எழுதவில்லை.

ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா இன்னும் ஒரு படி மேலே போனார். குடைந்த மரம் எதுவும் இல்லை, சாதாரண எலெக்ட்ரிக் கித்தார். சென்னை ஐஐடியில் பொறியியல் படித்து, அமெரிக்காவின் பெர்க்லியில் இசை படித்தவர். 2006இல் ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார். ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கை. பெயரிலேயே விளையாட்டு தெரிகிறது இல்லையா? ராகமும் ராக்கும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

நேர் எதிர்த் திசையிலும் ஒரு கதை உண்டு. 1962இல் டிக் டேல் என்ற அமெரிக்கர் ‘மிசர்லூ’ என்ற பழைய கிழக்கு மத்திய தரைக்கடல் மெட்டை எலெக்ட்ரிக் கித்தாரில் வெறித்தனமான வேகத்தில் வாசித்தார். கடல் அலை விளையாட்டுக்கான இசை என்று அமெரிக்காவே கொண்டாடியது. அந்த ஸ்கேல் நமக்கு மாயாமாளவகௌளை. ஐந்து வயதில் பாட்டு வகுப்பில் சரளி வரிசை பாடிய எந்தப் பெண் பிள்ளைக்கும் அது தெரியும்! கையில் கித்தார் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. நம் வீடுகளில் பெண் பிள்ளை என்றால் வீணை, வயலின். ஆண் பிள்ளை என்றால் கித்தார் என்று ஏன் பிரித்தோம் என்பது வேறு கட்டுரை.

ராஜா எழுதி வைத்ததை வாசிப்பது

தமிழர் வீட்டில் கித்தார் என்றதும் இளையராஜாவைத் தவிர்க்க முடியாது. அவரே கித்தார் கலைஞர். தாம் இசையமைப்பாளர் ஆவதற்கு முன்பு மற்றவர்களின் ஒலிப்பதிவுகளில் கித்தார் வாசித்தவர். 1980இல் வந்த ‘மூடுபனி’ அவருடைய 100ஆவது படம். அதில் ‘என் இனிய பொன் நிலாவே’ பாடலுக்குக் கித்தார்தான் உயிர். 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வுக்கு ஆர். சந்திரசேகர் வாசித்த கித்தார், இந்த நாட்டில் எத்தனை தோட்டங்களில் எத்தனை இரவுகள் திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டிருக்கும்! அதைத் தவறில்லாமல் வாசித்தவன் அந்த வட்டாரத்தில் பெரிய ஆள். கல்யாண வீட்டு மேடையில் அவனுக்குத் தனி மரியாதை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கித்தார் பகுதிகள் அந்த நேரத்து உணர்ச்சியில் வாசித்த சோலோக்கள் அல்ல. ராஜா ஒவ்வொரு சுரத்தையும் தாளில் எழுதிக் கொடுப்பார், கலைஞர்கள் அதைப் பார்த்து வாசிப்பார்கள். ஆகவே நாம் அதைச் சுரம் பிசகாமல் வாசிப்பது, நல்ல கவிதை ஒன்றை மேடையில் மனப்பாடமாக ஒப்புவிப்பது மாதிரி. நல்ல பயிற்சி. நாக்கு திருந்தும். அதனால் மட்டும் கவிதை எழுத வராது.

அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது விரல் வைக்கும் இடத்தை அல்ல, யோசிக்கும் விதத்தை என்பேன். பாடகர் விட்ட மூச்சின் இடைவெளியில் கித்தார் எப்படி நுழைகிறது, எப்போது ஒதுங்கி நிற்கிறது, எந்தச் சுரத்தில் பாடகரின் கையில் பாட்டைத் திருப்பிக் கொடுக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சோலோ என்பது தனிமையில் நடக்கும் வீரச்செயல் இல்லை என்பது அப்போது புரியும்.

சுங்காய் கார் நிறுத்துமிடத்தில்

சுங்காயில் ஒரு தாமான் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் சனிக்கிழமை இரவுகளில் நான்கு பிள்ளைகள் கூடுகிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கித்தார் வாசிப்பவருக்கு வயது இருபத்து நான்கு. தஞ்சோங் மாலிமில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வந்து சேர ஒன்பது மணியாகிவிடும். வெள்ளி, சனியில் கல்யாணம், பிறந்தநாள் என்று மேடை கிடைத்தால் கையில் கொஞ்சம் காசு வரும். மற்ற நாட்களில் சொந்தப் பாட்டு.

“அண்ணே, ஸ்கேல் எல்லாம் தெரியும்ணே. மோட் ஏழும் தெரியும். ஆனா வாசிச்சா யூடியூப்ல பார்த்த மாதிரியேதான் வருது” என்றார்.

“பாடிக் காட்டுங்க தம்பி” என்றேன்.

“எனக்குப் பாட வராதுண்ணே.”

வராது என்றவர் வெட்கத்தோடு முணுமுணுத்தது, அவர் வாசித்ததைவிட நன்றாக இருந்தது. விரலுக்கு ஞாபகம் அதிகம். பழகிய இடத்துக்கே ஓடும். தொண்டைக்கு அந்தப் பழக்கம் இல்லை. மூச்சு முடிந்தால் தொண்டை நின்றுதான் ஆக வேண்டும். அந்த நிறுத்தம்தான் பல சோலோக்களில் காணாமல் போவது. ஜார்ஜ் பென்சன் போன்ற ஜாஸ் கலைஞர்கள் வாசிக்கும் சுரத்தைக் கூடவே பாடிக்கொண்டே வாசிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். நம் வயலின் வித்வான்கள் பலர் முதலில் வாய்ப்பாட்டு கற்றவர்கள். எல்லாம் ஒரே காரணத்துக்காகத்தான்.

அன்று இரவு இன்னொன்றும் நடந்தது. அந்தப் பிள்ளையின் தாத்தா, தோட்டத்துக் கோயிலில் உருமி வாசித்தவர், நாற்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். பேரன் வாசித்ததைக் கேட்டுவிட்டு, “எல்லாம் நாலு நாலாவே போவுதேப்பா” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பாடமே இருக்கிறது. ஸ்கேல் பற்றி நாம் பேசுகிறோம், பேசுகிறோம், தாளத்தை மறந்துவிடுகிறோம். பயிற்சிக் காணொளிகளில் சுரங்கள் பெரும்பாலும் நான்கு நான்காகவே வரும். ஒரு பாரில் 16 சிறு துடிப்புகள் என்று வைத்துக்கொண்டால், அதை நான்கு நான்காகப் பிரிக்காமல் 5, 5, 6 என்று பிரித்துப் பாருங்கள். தகதகிட, தகதகிட, தகிடதகிட. கணக்கு சரியாக 16இல் முடிந்து அடுத்த பாரின் முதல் அடியில் இறங்கும். உருமிக்காரருக்கும் தவில்காரருக்கும் இந்த விளையாட்டு கை வந்த கலை. திசிரம், சதுசிரம், கண்டம், மிசிரம், சங்கீர்ணம் என்று 3, 4, 5, 7, 9 ஆகப் பிரித்து விளையாட நமக்குக் கிடைத்திருக்கும் சொத்து, உலகத்தில் பலருக்குக் கிடைக்காதது. பழைய பெட்டியின் அதே ஐந்து சுரத்தை இந்த 5, 5, 6இல் அந்தப் பிள்ளை வாசித்தபோது டிரம்ஸ் வாசிப்பவர் குச்சியை நிறுத்திவிட்டு, “டேய், திரும்ப வாசி!” என்றார். ஒரு சுரம்கூடப் புதிதில்லை. நான்காவது தடவையில்தான் முதல் அடியில் சரியாக வந்து இறங்கினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தைப்பூசத்தில் உருமி மேளத்தோடு நடக்கும் பிள்ளைகளும் வீட்டில் எலெக்ட்ரிக் கித்தார் வைத்திருக்கும் பிள்ளைகளும் பல நேரம் ஒரே பிள்ளைகள்தான். இரண்டையும் வேறு வேறு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். தோட்டப்புறப் பாடல்களும் அப்படித்தான். தாலாட்டு, ஒப்பாரி, மரம் சீவும்போது பாடியவை என்று முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் அரும்பாடுபட்டுத் தேடிப் பதிவு செய்திருக்கிறார்கள். ஓர் ஒப்பாரியின் இறங்குமுகத்தைக் கித்தார் கம்பியில் இழுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. புளூஸ் இசை அமெரிக்கக் கறுப்பின மக்களின் தோட்ட வயல்களிலிருந்து கித்தாருக்கு வந்தது. நமக்கும் தோட்டம் இருந்தது, துயரம் இருந்தது, பாட்டும் இருந்தது. ஆனால் நம் பிள்ளைகள் அவர்களுடைய அழுகையைத்தான் வாசிக்கிறார்கள்.

குறைவாக வாசித்தவர்கள்

வேகம் பற்றி ஒரு வார்த்தை. வேகமாக வாசிப்பது குற்றமல்ல. கேட்கவும் குஷியாக இருக்கும். ஆனால் பி.பி. கிங்கை ஒரே ஒரு சுரத்தில் அடையாளம் கண்டுவிடலாம் என்பார்கள். எனக்கு கார்டு வாசிக்க வராது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னவர். இருந்த கொஞ்சத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். மைல்ஸ் டேவிஸ் 1959இல் ‘சோ வாட்’ என்ற இசையில் மொத்தம் 32 பாருக்கு இரண்டே இரண்டு நிலையைத்தான் வைத்தார். டோரியன் 16 பார், அதே டோரியன் அரைச் சுரம் மேலே 8 பார், மறுபடி பழைய இடத்தில் 8 பார். நம் கணக்கில் கரகரப்பிரியாவை அரைச் சுரம் தூக்கி வைத்து இறக்கியது. வசதிகளைக் குறைத்ததும் வாசிப்பவர்கள் மெட்டைத் தேட வேண்டிய கட்டாயம் வந்தது.

நம்மில் இதற்கு உச்சம் நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. தோடி என்றால் அவர், அவர் என்றால் தோடி. தோடியின் ஏழு சுரமும் எல்லா வித்வானுக்கும் பொதுச் சொத்துதானே? ஆனாலும் 1956இல் அவர் மறைந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தோடிக்கு அவர் பெயரைத்தான் சொல்கிறோம். இதற்குத் தமிழில் மனோதர்மம் என்ற அழகான சொல் இருக்கிறது. கித்தார் பிள்ளைகளின் பேச்சில் இந்தச் சொல்லை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ‘இம்ப்ரோவைஸ்’ என்பார்கள்.

பயிற்சி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு வாரம் ஒரே கம்பியில் வாசியுங்கள். மற்ற ஐந்து கம்பிகளையும் தொடக்கூடாது. பெட்டி உடனே உடைந்துவிடும், ஏனென்றால் பெட்டி என்பது கம்பி விட்டுக் கம்பி தாவும் வசதியில்தான் இருக்கிறது. ஒரே கம்பியில் போகும்போது சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே உள்ள தூரம் கைக்குத் தெரியும். அடுத்த வாரம் மூன்றே மூன்று சுரம். அதில் ஒரு நிமிடம் அலுக்காமல் வாசிக்க முடிந்தால் உங்களிடம் விஷயம் இருக்கிறது. வாசிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேளுங்கள். அன்று இரவே கேட்டால் எல்லாம் அற்புதமாகத்தான் இருக்கும்!

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளை ஒரே மூன்று சுரத்தை ஒரு மணி நேரம் வாசித்துக்கொண்டிருந்தால், “ஒரு பாட்டுகூட உருப்படியா வாசிக்க மாட்டியா?” என்று கேட்டுவிடாதீர்கள். முழுப் பாட்டை வாசிப்பதைவிட அது கஷ்டமான வேலை.

ஈப்போக்காரர் ஒருவர்

மேடையில் மற்றவர் பாட்டைத்தானே வாசிக்கச் சொல்கிறார்கள், அதில் சொந்தம் எங்கே என்று சுங்காய் பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கல்யாண வீட்டில் கூடியிருப்பவர்கள் தமக்குத் தெரிந்த பாட்டு, தமக்குத் தெரிந்த மாதிரி வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். காசு கொடுப்பவர்கள் அவர்கள்தான். சொந்தப் பாட்டுக்கு இன்னும் யாரும் காசு கொடுக்கவில்லை.

அவர்களுக்கு நான் சொன்ன பெயர் பால் பொன்னுதுரை. ஈப்போவில் பிறந்த தமிழர், சிங்கப்பூரில் வாழ்ந்தவர். 2012இல் காலமானார். சிங்கப்பூரின் லாவ் பா சாட் உணவு அங்காடியில், சாத்தே புகைக்கும் தட்டுகளின் சத்தத்துக்கும் நடுவே, ஒற்றைக் கித்தாரோடு பாடிக்கொண்டிருந்தார். வாசித்ததெல்லாம் பெரும்பாலும் அடுத்தவர் பாட்டு, எல்லாருக்கும் தெரிந்த ஆங்கிலப் பாப் பாட்டு. ஆனால் கார்டுகளைப் புரட்டிப் போட்டு, ஒரு தாளத்தின் மேல் இன்னொரு தாளத்தை ஏற்றி, அந்தப் பாட்டுகளை ஏறக்குறைய மறுபடி எழுதிவிடுவார். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அவரைப் பற்றிக் கட்டுரை எழுதியது. சோறு தின்ன வந்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்ததோ! பேரா மண்ணில் பிறந்த ஒருவர் அடுத்தவர் பாட்டில் தன் முகத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

நான்கு பேரும் கைப்பேசியில் அவருடைய காணொளியைத் தேடிப் பார்த்தார்கள். முதல் அரை நிமிடம் என்ன பாட்டு என்றே அவர்களுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் நால்வருக்கும் சிரிப்பு.

அடுத்த மாதம் பீடோரில் ஒரு திருமண விருந்தில் அவர்கள் வாசிக்கிறார்கள். கொடுத்த பட்டியலில் ‘இளைய நிலா’வும் இருக்கிறது. முதல் இடையிசையைத் தாளில் இருப்பது போலவே வாசித்துவிட்டு, இரண்டாவதில் மட்டும் எட்டு பார் தன்னுடையதாக வாசிக்கப் போவதாகக் கித்தார் தம்பி சொல்கிறார். மத்தியமாவதிக்குப் பக்கத்தில் எங்கோ போய், 5, 5, 6இல் திரும்பி வருவதாகத் திட்டம். பெண் வீட்டார் கவனிப்பார்களா என்று தெரியாது. கீபோர்டு வாசிப்பவர்தான் கறாராகச் சொல்லிவிட்டார்: “எட்டு பார். ஒன்பதாவது பார்ல எஸ்பிபி உள்ள வந்துரணும், ஆமா!”